அந்தோணியார் தொலைத்த குழந்தை

போன வாரம் அந்தோணியார் கையிலிருந்த குழந்தை காணாமல் போய்விட்டது.

சிரிக்காதீர்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். அன்றைக்குச் சிரித்திருந்தால் எனக்கு உதை விழுந்திருக்கும்.

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ கிராமம். பெயரைச் சொல்ல மாட்டேன் — சொன்னால் அடுத்த வருஷம் எனக்கு மீன் குழம்பு கிடையாது. அங்கேதான் என் ஹாஸ்டல் காலத்து ரூம்மேட் பிலோமினா இருக்கிறாள். கருவாடு மொத்த வியாபாரம். ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழா வந்துவிட்டால் தஞ்சாவூரிலிருந்து காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவேன். பாதி பக்தி, பாதி குழம்பு. எந்தப் பாதி பெரியது என்றெல்லாம் கேட்கக் கூடாது.

திருவிழா நாள் காலை. மாடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்த என்னை உலுக்கி எழுப்பினாள் பிலோமினா.

"கார் சாவி எங்கடி?"

"எதுக்கு?"

"குழந்தையக் காணோம்!"

தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ… யாரு குழந்தை?"

"அந்தோணியார் குழந்தைடி. எந்திரி!"

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தோணியார் சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் லீலி மலர், இன்னொரு கையில் குழந்தை இயேசு. மற்ற ஊர்களில் குழந்தை கையோடு ஒட்டியிருக்கும். இந்த ஊரில் தனி. முழங்கை நீளத்துக்குக் கறுத்த மரத்தில் செய்த குழந்தை. கையில் ஒரு முளை, குழந்தைக்குக் கீழே ஒரு துளை. தூக்கினால் வந்துவிடும்.

ஏன் தனி? அங்கேதான் இந்த ஊரின் வழக்கம் இருக்கிறது. கொடியேற்றிய நாளிலிருந்து தேர் பவனி வரை குழந்தை கோயிலில் இருக்காது. வீடு வீடாகப் போகும். பிள்ளை இல்லாதவர்கள் கேட்டு வாங்கிப் போய், புடவையில் தூளி கட்டி, ஒரு ராத்திரி தாலாட்டுவார்கள். காலையில் ஒரு சீனிப் பொட்டலத்தோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சாதி, மதம் எதுவும் கேட்பதில்லை. பிள்ளை வேண்டும் என்கிறவளிடம் போய் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்க முடியுமா?

இந்தப் போக்குவரத்தையெல்லாம் கவனித்துக்கொள்ள வருஷத்துக்கு ஒரு பெண் பொறுப்பு. அவளுக்குப் பெயரே 'குழந்தைக்காரி'. இந்த வருஷக் குழந்தைக்காரி — நம் பிலோமினா! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பதவிக்காகக் காத்திருந்தவள். போன வருஷம் அது அவள் நாத்தனார் ஆரோக்கியமேரிக்குக் கிடைத்தபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆரோக்கியமேரி வருஷத்தில் ஒரு குறையும் இல்லை. அதை ஆரோக்கியமேரியே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பவனி. அந்தோணியார் சப்பரத்தில் தெருவெல்லாம் சுற்றி, வெளிச்சம் இருக்கும்போதே கடற்கரைக்குப் போய்விட வேண்டும். அங்கே குழந்தைக்காரி குழந்தையை இறக்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, அதன் பாதத்தை அலையில் நனைப்பாள். அதற்குப் பிறகுதான் விசைப்படகுகள் கடலுக்குப் போகும். இரண்டு மாதத் தடைக்காலம் முடிகிற நேரம். பெயின்ட் அடித்து, மாலை போட்டு, டீசல் நிரப்பி அத்தனை படகும் தயார். குழந்தை மட்டும் இல்லை!

"அந்தோணியார்ட்ட வேண்டிக்கோயேன். தொலைஞ்சதக் கண்டுபிடிச்சுக் குடுக்கறவர்தானே?" என்றேன் பல் விளக்கியபடி.

பிலோமினா என்னைப் பார்த்த பார்வையில் பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மூக்குக் கண்ணாடி, மோதிரம், கேஸ் புக் — எது தொலைந்தாலும் நானே அவரிடம்தான் மனு போடுகிறேன். அவர் கையிலிருந்ததே தொலைந்தால்? போலீஸ் ஸ்டேஷனில் சைக்கிள் காணாமல் போனால் புகாரை யாரிடம் கொடுப்பது?

"யாருக்குக் குடுத்தே? அதச் சொல்லு."

"ரோசாலிக்கு. அவ மகளுக்காகக் கேட்டா. ஆறு நாளாச்சு. அவ தெருவுல இன்னும் நாலு வீட்டுல கேக்குறாங்க, எல்லாம் முடிச்சு இன்னிக்குக் காலைல கொண்டு வர்றேன்னா."

ரோசாலி வீடு அடுத்த தெரு. வாசலில் மாக்கோலம் போட்டுக்கொண்டிருந்த ரோசாலி எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"குழந்தையா? நான் மறுநாளே மீனாட்டக் குடுத்துட்டேனே. உப்பளத்துல வேல செய்யுதே, அந்தப் பொண்ணு. கேட்டுச்சு. அதுவே உங்ககிட்டக் குடுத்துடுறேன்னு சொல்லிச்சே?"

காரை உப்பளத்துக்கு விட்டேன். வெயிலில் அப்போதே கண் கூசியது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த மீனா கையைத் துடைத்தபடி வரப்புக்கு வந்தாள்.

"எனக்கு எதுக்குக்கா? எனக்குத்தான் மூணு இருக்கே! என் ஒண்ணுவிட்ட தங்கச்சி சுகன்யாவுக்கு வாங்கிக் குடுத்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. கல்யாணமாகி எட்டு வருசம்… அது இன்னும் திருப்பிக் குடுக்கலையா?"

பார்த்தீர்களா? நம்ம ஊரில் எதுவும் தொலைவதே இல்லை. டிபன் கேரியர், டிரில்லிங் மிஷின், பட்டுப் புடவை, நாவல்… எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வேறு யார் வீட்டிலோ. அவ்வளவுதான்.

திருத்துறைப்பூண்டிக்குப் போகிற வழியெல்லாம் பிலோமினா ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். "என்னம்மா நீ, ஒரு ராத்திரின்னு சொல்லித்தானே வாங்கினே? ஊர் சொத்த இப்படி வெச்சுக்கலாமா? — எப்படிடி இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் கோவம் வேணும்" என்றேன் நான். கருவாட்டு மார்க்கெட்டில் இவள் பேரம் பேசுவதைக் கேட்டவள் நான். பாவம் அந்தப் பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

சுகன்யாவின் ஊர் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று, ஆனால் அது இங்கே வந்து சேர இன்னும் நாளாகும். ஊரே வாய்க்காலில் இறங்கி மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. சுகன்யாவின் கணவர் குமரேசனும் மண்வெட்டியோடு அங்கேதான் நின்றார். எங்களைப் பார்த்து, யாரென்று தெரிந்ததும், வீட்டைக் கை காட்டிவிட்டுக் குனிந்துகொண்டார்.

வாசலில் காரை நிறுத்தினேன்.

"நீ வராதே. உனக்கு வாய் சும்மா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் பிலோமினா மட்டும் உள்ளே போனாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்தால் குழந்தையோடு தூளியும் சேர்ந்து வரும் போலிருந்தது.

சுகன்யாவின் மாமியார் ஒரு சொம்பு மோருடன் கார் ஜன்னலுக்கு வந்தார்.

"வாங்கம்மா. நீங்க வருவீங்கன்னு தெரியும். நாங்களே எப்பவோ கொண்டாந்து குடுத்துருக்கணும்."

"ஏம்மா, நீங்களாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

அந்தம்மா சொம்பை என் கையில் கொடுத்தார். "இந்த நாலஞ்சு நாளாத்தான் அது வாய்விட்டுச் சிரிக்குது. பாட்டெல்லாம் பாடுது. நான் எப்படிம்மா போயி, 'எடுத்துட்டு வா, குடுத்துடுவோம்'னு சொல்றது? எனக்கு நாக்கு வரல."

நான் மோரைக் குடித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிலோமினா வெளியே வந்தாள். வெறுங்கை. காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"கெடைக்கலையா?"

"கெடைச்சுது."

"எங்கே?"

"தூங்குது."

அவளைத் திரும்பிப் பார்த்தேன். "பிலோ… அது மரக்கட்டைடி!"

"எனக்குத் தெரியாதா? தூளிய ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நான் வாயத் தொறந்ததும், உதட்டுல வெரல வெச்சு 'உஸ்ஸு'ங்குறா. நான் என்ன பண்றது? கால் சத்தம் கேக்காம வெளிய வந்துட்டேன்."

"கேக்கவே இல்லையா?"

"சாயங்காலம் பவனின்னு சொன்னேன். தலைய ஆட்டினா. அவ்ளோதான். வண்டிய எடு."

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்று கூட அரங்கேறவில்லை. எனக்கு ஏனோ கண் கலங்கியது. ஆனால் பிலோமினா கலங்குகிற ஜாதி இல்லை. வேதாரண்யம் கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோரைப் பார்த்ததும் "நிறுத்து!" என்று கத்தினாள்.

"குழந்தை பொம்மை இருக்கா?"

கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். "சிரிக்கிறதா, அழுவுறதா?"

"சும்மா இருக்கறது."

"சும்மா இருக்கற குழந்தைய யாரு மேடம் வாங்குவா?"

கடையில் இருந்தவற்றில் கொஞ்சமாவது தெய்வக் களை உள்ளதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நீலக் கண். பொன்னிற முடி. ரோஸ் கன்னம். சாய்த்தால் "ஹி ஹி ஹி" என்று சிரிக்கும். கொஞ்சம் அழுத்தினால் "ஐ லவ் யூ மம்மி" என்று சொல்லும். பேட்டரியைக் கழற்றலாம் என்றால் ஸ்க்ரூ சுற்றவே மாட்டேன் என்றது. கத்தி, சேப்டி பின், என் நகம்… மூன்றும் வளைந்ததுதான் மிச்சம்.

முடிக்குக் கண்மை தடவினோம். பட்டுத் துணியில் சுற்றினோம். சப்பரத்தில் ஏற்றிய அந்தோணியார் கையில், முளையை மறைத்து, வாழைநாரால் கட்டினோம். மேலே ஒரு சம்பங்கி மாலை. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கிட்டத்தில் பார்த்தால் அந்தோணியாருக்கே முகம் கொஞ்சம் மாறியிருந்த மாதிரி எனக்குப் பட்டது.

நாலு மணிக்குச் சப்பரம் கிளம்பியது. பேண்டு வாத்தியம் முழங்குகிற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. தெருவோரமெல்லாம் நின்றவர்கள் நேர்ச்சையாகச் சப்பரத்தின் மேல் உப்பும் மிளகும் தூவினார்கள். பிலோமினா முன்னால் மெழுகுவர்த்தியோடு ராணி மாதிரி நடந்தாள். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் முக்கில் ஜெபத்துக்காகச் சப்பரம் நின்றது. பேண்டும் நின்றது. ஃபாதர் கண்ணை மூடி, மைக்கில் ஆரம்பித்தார்: "ஆண்டவரே, நாங்கள் செய்த பாவங்களை எல்லாம்…"

"ஹி ஹி ஹி."

ஃபாதர் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் பயபக்தியோடு நின்றிருந்தார்கள். மறுபடி மூடினார்.

"…நினையாமல், எங்கள் மேல் இரக்கமாயிரும்…"

"ஐ லவ் யூ மம்மி!"

சப்பரம் தூக்கிய ஆட்கள் அசையாமல் நின்றார்கள். அசைந்தால்தான் சிரிக்கிறதே!

ஆரோக்கியமேரி மெதுவாக நகர்ந்து பிலோமினா பக்கத்தில் வந்து நின்றாள். "ஏன் அண்ணி… நம்ம குழந்தைக்கு இங்கிலீஷ் எப்பத் தெரியும்?"

பிலோமினா மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அருகிலிருந்த தென்னை மரத்தை ஆராய்ச்சி செய்தேன்.

ஃபாதர் இளவயதுக்காரர். மேலே ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு பிலோமினாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "குழந்தை சந்தோஷமாக இருக்கிறது. நாமும் சந்தோஷமாகப் போவோம். பேண்டு!" என்றார். அவருக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. பிஷப்பாக வருவார்.

அதற்குப் பிறகு எந்த முக்கிலும் பேண்டு நிற்கவில்லை. ஜெபம் எல்லாம் டிரம்போடு சேர்ந்துதான் நடந்தது.

ஆனால் கடற்கரையில் என்ன செய்வது? அங்கே பேண்டு கிடையாது. அலைச் சத்தம் மட்டும்தான்.

கரை முழுக்க ஜனம். மாலை போட்ட படகுகள் வரிசையாக நின்றன. படகுக்காரர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சப்பரத்தை இறக்கினார்கள். பிலோமினா மேலே ஏறி, வாழைநாரை அவிழ்த்து, பட்டுத் துணியோடு பொம்மையைத் தூக்கினாள். அது அவள் தோளில் சாய்ந்து "ஹி ஹி ஹி" என்றது. தண்ணீரை நோக்கி நடந்தாள். அலை காலைத் தொட்டது. நின்றுவிட்டாள்.

நிற்காதே, நனை, நனைத்துவிட்டு வா என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

அவள் திரும்பினாள். "என்னால முடியல. இது நம்ம குழந்தை இல்ல."

முன்வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் — மூன்று விசைப்படகுக்குச் சொந்தக்காரர் — பொறுமையாகச் சொன்னார்: "அது தெரியுது தாயி. நம்மது எங்க?"

"ஒரு வீட்டுல இருக்கு."

"எந்த வீட்டுல?"

"சொல்ல மாட்டேன்."

சலசலப்பு எழுந்தது. "என்னக்கா இது?" "போட்டெல்லாம் நிக்குதுல்ல?" "எடத்தச் சொல்லுங்க, பைக்க எடுத்துட்டுப் போயித் தூக்கிட்டு வந்துர்றோம்!"

"அதுக்குத்தான் சொல்ல மாட்டேங்குறேன்! நீங்க போயித் தூக்கிட்டு வந்துருவீங்க. அவளா குடுக்கட்டும். என்னைய என்ன வேணா சொல்லிக்குங்க" என்றாள் பிலோமினா. எத்தனை வருஷம் காத்திருந்து வாங்கிய பதவி! இனி எந்தக் காலத்திலும் இது பிலோமினா கெடுத்த திருவிழா என்றுதான் பேசுவார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நின்றாள். அவளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஆரோக்கியமேரி முன்னால் வந்தாள். சரி, தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

"எதுக்கு எல்லாரும் எங்க அண்ணிய முறைக்கிறீங்க? எடுத்த குழந்தைய எவ லேசுல கீழ வெப்பா? போன வருசம் நானும்தான் ஒரு வீட்டு வாசல்ல நாள் முழுக்க உக்காந்து கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன். வெளிய சொல்லல. அவ்வளவுதான்!"

அட! குறையே இல்லாத ஆரோக்கியமேரி வருஷமா?

அப்போதுதான் மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பைக் உறுமிய சத்தம். சக்கரம் மணலில் புதைந்து, உறுமி உறுமி அணைந்தது. அடுத்து ஒரு பெண் மேட்டிலிருந்து ஓடி வந்தாள். வாரி முடிந்த கொண்டை அவிழ்ந்து கிடக்க, முந்தானைக்குள் எதையோ நெஞ்சோடு அணைத்தபடி. பின்னாலேயே, கால் முழுக்க வாய்க்கால் சேற்றோடு குமரேசன்.

கூட்டம் தானாகவே வழி விட்டது.

சுகன்யா பிலோமினா முன்னால் வந்து மூச்சு வாங்கினாள். முந்தானையை விலக்கினாள். மரக் குழந்தை. நெற்றியில் புதிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு.

பிலோமினா அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா எழுப்பினே?" என்று கேட்டாள். சத்தியமாக அப்படித்தான் கேட்டாள்.

"எங்க வீட்டுல ஒண்ணு தூங்கணும்னு இத்தன போட்டு கரையில நிக்கலாமாக்கா?" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற நான், ஆரோக்கியமேரி, பெரியவர், எல்லோரும் மூக்கைச் சிந்தினோம்.

குழந்தையைப் பிலோமினா வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே நனைச்சுடு" என்றாள். தன் கையிலிருந்த பொம்மையை என்னிடம் திணித்துவிட்டு, சுகன்யாவின் தோளைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழைத்துப் போனாள். சுகன்யா குனிந்து, அந்தச் சின்ன மரப் பாதத்தை அலையில் நனைத்தாள். நனைத்த கையோடு முந்தானையால் ஈரத்தையும் துடைத்துவிட்டாள். சளி பிடித்துவிடக் கூடாதல்லவா! படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

குழந்தையை அந்தோணியார் கையில் முளை பார்த்துப் பொருத்தினார்கள். இப்போது என் கையிலிருப்பதை என்ன செய்வது?

"கீழ வெக்காதீங்க, பவனி வந்த குழந்தை" என்றார் பெரியவர். ஃபாதர் ஒரு நிமிஷம் யோசித்தார். லீலி மலரை எடுத்துவிட்டு அந்தக் கையில் பொம்மையை உட்கார வைத்தார். இடது கையில் கறுப்பாக ஒன்று, வலது கையில் ரோஸாக ஒன்று. அந்தோணியார் பிரசவ வார்டிலிருந்து வெளியே வந்த அப்பா மாதிரி நின்றார்.

கூட்டத்தில் ஒருத்தி குலவை போட்டாள். "ஏ, ரெட்டப் புள்ளடி!"

கும்பிட்டுக்கொண்டிருந்த சுகன்யா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள். சேற்றுக் காலோடு நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையைக் கூப்பி, அவசர அவசரமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அந்தோணியாரே… எனக்கு ஒண்ணு போதும்!"